அவரிடம் கேட்டு வாங்கிய கார்

2004-ம் ஆண்டு, வைகாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. திண்டுக்கல்லில் இருந்து கன்னிவாடிக்குப் புறப்பட்ட முதல் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். பைக்குள் ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு டார்ச் லைட், ஒரு பழைய துணி. கார் வாங்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வரவில்லை. சொல்வதற்கு வீட்டில் ஆள் இல்லை.

என் கணவர் இறந்து அப்போது ஏழு மாதம் ஆகியிருந்தது. எனக்கு நாற்பத்தாறு வயது. எங்களுக்குக் குழந்தைகள் கிடையாது. அவர் கால்நடை ஆய்வாளர். ஊர்க்காரர்களுக்கு ‘மாட்டாஸ்பத்திரி சார்’. நான் சாணார்பட்டிக்கு அப்பால் ஒரு கிராமத்துப் பள்ளியில் கணக்கு டீச்சர். தினமும் காலையில் ஸ்கூட்டரில் என்னைப் பள்ளி வாசலில் இறக்கிவிட்டுத்தான் அவர் வேலைக்குப் போவார். பத்தொன்பது வருடம் அப்படியே ஓடியது. ஐப்பசியில் ஒருநாள் காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிணற்றடியில் உட்கார்ந்தார். ஆஸ்பத்திரி வரைகூட வரவில்லை.

அவரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் இந்தக் கதை புரியாது. அவருக்கு யாரிடமும் ‘வேண்டாம்’ என்று சொல்லத் தெரியாது. பஸ் நிலையத்தில் பூட்டு விற்பவர் வந்து நின்றால் வாங்கிவிடுவார். போன வாரம் வாங்கினோமே என்று சொல்ல அவருக்கு வாய் வராது. எங்கள் வீட்டில் திருடுவதற்கு இருந்த சாமான்களைவிடப் பூட்டுகள்தான் அதிகம். கடைசியில் ஒரு தந்திரம் கண்டுபிடித்தார். யார் எதை விற்க வந்தாலும், “எங்க வீட்ல கேட்டுத்தான் சொல்லணும்” என்று என்மேல் பழியைப் போட்டுவிட்டுத் தப்பித்துவிடுவார். அதனால் ஊருக்குள் அவர் தங்கமான மனிதர், நான் ராட்சசி. பேரம் பேசுவது, அடித்துக் குறைப்பது, முறைப்பது எல்லாம் என் இலாகா.

இன்னொரு விஷயம். கருமாதிக்குப் பத்திரிகை அடித்ததில் ஒரு கட்டு மிஞ்சிவிட்டது. அந்தத் தாளை வீட்டில் வைக்கக் கூடாது, எரித்துவிடு என்றார் என் அண்ணன். கணவர் படமும் பெயரும் அச்சடித்த தாளை அடுப்பில் போட எனக்கு மனம் வரவில்லை. பின்பக்கம் வெள்ளையாகத்தானே இருந்தது. மளிகைப் பட்டியல், பால் கணக்கு, பிள்ளைகளுக்கு வைக்கும் டெஸ்ட் என்று எல்லாவற்றையும் அதில் எழுதப் பழகிவிட்டேன். கைப்பையில் எப்போதும் நான்கைந்து கிடக்கும். அவரோடு சேர்ந்து காய்கறி வாங்கப் போவதுபோல எனக்கு ஒரு நினைப்பு.

அவர் போன பிறகு பள்ளிக்கூடம் போவதே பெரும்பாடாகிவிட்டது. இரண்டு பஸ் மாற வேண்டும், இறங்கிய பிறகு ஒன்றரை மைல் நடக்க வேண்டும். எனக்கோ இடது முழங்காலில் தேய்மானம். ஒரு பஸ் தவறினால் அன்றைக்கு வருகைப் பதிவேட்டில் சிவப்பு மை. தலைமையாசிரியர் நல்லவர்தான், ஆனால் எத்தனை நாள் பொறுப்பார்? கரூரில் இருந்த அண்ணன் வாரா வாரம் போன் செய்தார். “வேலைய எழுதிக் குடுத்துட்டு எங்ககூட வந்துரு. வீட்ட வாடகைக்கு விட்டுருவோம்” என்பார். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் என் கணவரும் நானும் சேர்ந்து கட்டிய வீட்டில் வேறு யாரோ குடியிருப்பதையும், நான் அண்ணன் வீட்டு மாடியில் துணி மடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதையும் நினைத்தாலே எனக்கு மூச்சு முட்டும். பள்ளிக்கு நேரத்துக்குப் போக முடிந்தால் வேலை நிலைக்கும், வேலை நிலைத்தால் அந்த வீட்டில் நான் இருக்கலாம். அவ்வளவுதான் என் கணக்கு.

ஸ்கூட்டரை ஓட்டிப் பார்த்தேன். எங்கள் வீட்டுக் கேட்டைத் தாண்டும் முன்பே விழுந்து, நல்லாயிருந்த வலது முழங்காலையும் பேர்த்துக்கொண்டேன். சரி, நான்கு சக்கரம் என்றால் விழாதே என்று கோடை விடுமுறையில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். சொல்லிக்கொடுத்தவர், “டீச்சர், ஸ்டியரிங்க இம்புட்டு இறுக்கிப் பிடிக்காதீங்க, அது எங்கயும் ஓடிறாது” என்று தினமும் சொல்வார். எப்படியோ லைசென்ஸ் வாங்கிவிட்டேன்.

அப்புறம் பழைய கார் வாங்கி விற்கும் ஒரு தரகரைத் திண்டுக்கல்லில் போய்ப் பார்த்தேன். நாற்காலி போட்டு, டீ வரவழைத்து, மரியாதையாகத்தான் பேசினார். சார் வரவில்லையா என்று கேட்டார். இறந்துவிட்டார் என்றேன். டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “அப்ப யாராச்சும் ஆம்பளையாளக் கூட்டிட்டு வந்துருங்கம்மா, பேசுவோம்” என்றார். அதற்குமேல் ஒரு காரைக்கூடத் திறந்து காட்டவில்லை. அண்ணனைக் கூட்டிக்கொண்டு வந்தால் கார் வராது, கரூர் பஸ்தான் வரும் என்று எனக்குத் தெரியும். எழுந்து வந்துவிட்டேன்.

கூட வேலை பார்க்கும் டீச்சர் ஒருவர்தான் கன்னிவாடிக் காரைப் பற்றிச் சொன்னார். தெரிந்தவர் வீட்டு வண்டி, சின்ன வெள்ளைக் கார், அதிகம் ஓடாதது, அவருக்குக் கண் மங்கிவிட்டதால் விற்கிறார் என்றார். அதனால்தான் அந்த முதல் பஸ். மாடு வாங்கப் போகிறவர்களுக்கு என் கணவர் சொல்லும் யோசனை அது. விற்கிறவன் மாட்டைக் குளிப்பாட்டிப் பொட்டு வைப்பதற்கு முன்னால் போய் நிற்க வேண்டும், மாட்டைப் பார்ப்பதற்கு முன்னால் தொழுவத்தைப் பார்க்க வேண்டும் என்பார். காருக்கும் அது பொருந்தாமலா போகும்?

நான் போய் இறங்கியபோது அந்த வீட்டில் அப்போதுதான் சாணி தெளித்துக்கொண்டிருந்தார்கள். அறுபது, அறுபத்தைந்து வயதில் ஒரு தம்பதி. தோட்டம் துரவு உள்ள குடும்பம். மகன்கள் வெளியூரில். கார் நின்றது மாட்டுக் கொட்டத்தில், இரண்டு எருமைகளுக்குப் பக்கத்தில். கூரைமேல் ஒரு கோழி உட்கார்ந்திருந்தது. கொட்டம் சுத்தமாக இருந்தது, எருமைகள் பளபளவென்று இருந்தன. பாதி மனது அங்கேயே நிறைந்துவிட்டது.

டார்ச் அடித்துக் காருக்கு அடியில் பார்த்தேன். கீழே எண்ணெய் சொட்டியிருக்கிறதா என்று துணியால் துடைத்துப் பார்த்தேன். நான்கு கதவையும் திறந்து மூடினேன். சுற்றிச் சுற்றி இரண்டு தடவை வந்தேன். வீட்டுக்கார அண்ணன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு இருந்தார்.

“என்னம்மா, மாட்டுக்குச் சுழி பாக்குறமாதிரி பாக்குறீக?”

“எங்க வீட்டுக்காரர் மாட்டாஸ்பத்திரியில இருக்காருண்ணே. அவர் சொல்லிக் குடுத்தது” என்றேன்.

சத்தியமாக நான் யோசித்துச் சொல்லவில்லை. பத்தொன்பது வருடம் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். சொன்ன பிறகுதான் உறைத்தது. திருத்தியிருக்கலாம். அந்தத் தரகரின் டீ டம்ளர் நினைவுக்கு வந்தது, வாயை மூடிக்கொண்டேன். “சார் வரலையா தாயி?” என்று அந்த அம்மா கேட்டார். “அவருக்கு வேலை” என்றேன். அவ்வளவு சுலபமாக ஒரு பொய் வரும் என்று நான் நினைத்ததில்லை. அவர் வேலை பார்த்தது நத்தம் பக்கம், இவர்கள் மேற்கே. இவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்க வழியில்லை என்பது வேறு தைரியம்.

அண்ணன் வண்டியை ஸ்டார்ட் செய்தார். இரவெல்லாம் நின்ற வண்டி ஒரே திருப்பில் பிடித்துக்கொண்டது. எனக்குப் பிடித்துவிட்டது. ஆனால் பிடித்ததை முகத்தில் காட்டலாமா? விலையைச் சொன்னார். நியாயமான விலைதான். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, “அவர்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்” என்றேன். திரும்பிப் போகும் பஸ் வரும் சத்தம் கேட்டது. போன் நம்பர் கொடுங்கள் என்றார்கள். பையில் கைவிட்டு ஒரு தாளை எடுத்து, அவசர அவசரமாக எழுதிக் கொடுத்துவிட்டு ஓடினேன்.

இரண்டு நாள் கழித்து கன்னிவாடி அண்ணனே போன் செய்தார். “சார் என்ன சொன்னாக?”

யாரோ என் கணவர் என்ன சொன்னார் என்று கேட்கிறார்கள். ஏழு மாதமாக எல்லோரும் அவர் எப்படிப் போனார் என்று மட்டும்தான் கேட்டார்கள். போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டு, “பின்னாடி டயர் ரெண்டும் தேஞ்சிருக்குன்னு சொல்றாரு” என்றேன்.

அதிலிருந்து ஆரம்பித்தது கூத்து. டயர் மாற்றித் தருகிறோம் என்றார்கள். ஸ்டெப்னியும் பழசு என்றார் என் கணவர். அதற்கும் வழி செய்தார்கள். மெக்கானிக்கைக் கூட்டிப் போய்க் காட்டச் சொன்னார். கூட்டிப் போனேன், மெக்கானிக் ஒரு குறையும் சொல்லவில்லை. உயிரோடு இருந்தபோது கத்தரிக்காய்க்காரியிடம்கூட ஒரு ரூபாய் குறைத்துக் கேட்கத் தெரியாத மனிதர், இப்போது ஹாரன் சத்தம் போதவில்லை என்கிறார், சீட் உறை வேண்டும் என்கிறார், வைப்பர் ரப்பரை மாற்றச் சொல்கிறார். காலையில் பஸ்ஸில் போகும்போது, இன்றைக்கு அவர் என்ன கேட்பார் என்று யோசித்துக்கொண்டே போவேன். எனக்கே சிரிப்பு வரும். பக்கத்து சீட்டுக்காரர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்திருப்பார்கள்.

கார் யார் பெயரில் பதிய வேண்டும் என்று கேட்டபோது, “என் பேர்லயே இருக்கட்டும்னு சொல்லிட்டாரு” என்றேன். அந்த அம்மா போனை வாங்கி, “நல்ல மனுசன்த்தா” என்றார். ஆமாம் என்றேன். அன்றைக்குச் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஆனி முடியப் போகும் நேரத்தில் இன்னொன்றும் சொன்னேன். ஆடி மாதம் வண்டி எடுக்க வேண்டாம், ஆவணியில் பார்க்கலாம் என்று அவர் சொல்கிறார் என்றேன். நாள் நட்சத்திரம் எல்லாம் அவருக்குக் கிடையாது, சினை ஊசி போட ராகுகாலம் பார்ப்பவர்களைக் கேலி செய்யும் மனிதர். நான்தான் ஒத்திப்போட்டேன். பள்ளி திறந்து மாதக் கணக்காகியிருந்தது. இரண்டு பஸ் மாறி, காலை இழுத்து இழுத்து நடந்துகொண்டு இருந்தேன். சிவப்பு மை ஏறிக்கொண்டே போனது. கார் தயாராக நிற்கிறது, நான் போய் எடுக்க வேண்டியதுதான் பாக்கி. எடுக்க மனமில்லை. ஏன் என்று கேட்டால், காரை வாங்கிவிட்டால் பேரம் முடிந்துவிடும். பேரம் முடிந்தால், ‘சார் என்ன சொன்னாக’ என்று கேட்க இந்த உலகத்தில் ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

ஆடிக் கடைசியில் இரண்டு போன் வந்தது. ஒன்று கரூர் அண்ணன். வீட்டுக்கு நல்ல குடித்தனக்காரர் கிடைத்துவிட்டார், ஆவணியில் பால் காய்ச்ச வருகிறார்கள், நீ சாமான்களைக் கட்டு என்றார். என்னைக் கேட்கவே இல்லை. மறுநாள் கன்னிவாடி அண்ணன். ஒட்டன்சத்திரத்தில் இருந்து ஒருவர் வந்து, சொன்ன விலைக்கே உடனே எடுத்துக்கொள்கிறேன் என்றாராம். “சார்கிட்ட ஒரு வார்த்த கேட்டுச் சொல்லுங்கம்மா. நீங்க வேணாம்னாத்தான் அவருக்கு” என்றார்.

போனை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். முதல் தடவையாக நிஜமாகவே கேட்டேன். என்னங்க செய்யட்டும்? அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாதா? ‘எடுத்துரு. அவுகளப் போயி இம்புட்டு நாளாக் காக்க வைக்கிறியே’ என்பார். அரைமணி நேரம் அழுதேன். பிறகு கன்னிவாடிக்குப் போன் செய்து ஆவணி முதல் ஞாயிறு வருகிறேன் என்றேன். கரூருக்கும் போன் செய்து, குடித்தனக்காரரிடம் வேறு வீடு பார்க்கச் சொல்லிவிடுங்கள் என்றேன். அண்ணன் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமல் போய்ச் சேர்ந்தேன். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று பஸ்ஸில் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். போனால், காரைக் கழுவி, சந்தனம் தெளித்து, சாமந்தி மாலை போட்டு வாசலில் நிறுத்தியிருந்தார்கள். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். அந்த அம்மா தாம்பாளத்தோடு நின்றார். வெற்றிலை, பாக்கு, தேங்காய், பழம், குங்குமம்.

எங்கள் பக்கத்தில் புருஷன் போனவளை இந்த மாதிரி நேரத்தில் யாரும் முன்னால் நிறுத்த மாட்டார்கள். அவள்மேல் கோபம் ஒன்றும் கிடையாது, அப்படி ஒரு வழக்கம். நல்ல காரியம் என்றால் அவளே ஒதுங்கிக்கொள்வாள். அவர் போனதில் இருந்து நானும் ஒதுங்கித்தான் இருந்தேன். நெற்றியில் கறுப்பாகச் சின்ன ஸ்டிக்கர் பொட்டு மட்டும் வைப்பேன். இப்போது இந்த அம்மா, நான் சுமங்கலி என்று நம்பி, என் நெற்றியில் குங்குமம் வைக்க வருகிறார். அவர் வீட்டுக் காரியத்தில் ஒரு பாவத்தைச் செய்ய வைக்கிறேனே என்று ஒரு அடி பின்வாங்கினேன். அவர் விடவில்லை. இடது கையால் என் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, அழுத்தமாக வைத்துவிட்டார். ஒரு முழம் மல்லிகையைத் தலையில் சூட்டினார். “சார்கிட்ட சொல்லுங்கம்மா, வண்டி நல்லா ஓடும்னு” என்று அண்ணன் சாவியைக் கொடுத்தார். நான் கோழை. வாங்கிக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டேன்.

கூட வரட்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். எலுமிச்சம்பழம் நசுங்க, கார் நகர்ந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாகப் பக்கத்தில் யாரும் இல்லாமல் ஓட்டுகிறேன். ஸ்டியரிங்கை இறுக்கித்தான் பிடித்திருந்தேன். ஊரைத் தாண்டியதும் சாலை கிழக்கே திரும்பியது. சூரியன் நேராகக் கண்ணில் அடித்தது, எதிரே ஒன்றும் தெரியவில்லை. இதுவரை நான் அந்தக் காரில் உட்கார்ந்தது எல்லாம் அவர்கள் கொட்டத்துக்குள்தான், ஓட்டிப் பார்த்ததும் சாயங்காலத்தில்தான். முன்கண்ணாடிக்கு மேலே மடக்கி வைத்திருக்கும் வெயில் மறைப்பை அன்றுவரை தொட்டதில்லை. ஒரு கையால் அதை இழுத்தேன்.

ஒரு தாள் மடியில் விழுந்தது.

பிரேக்கை மிதித்து, முருங்கைத் தோட்டம் ஒன்றின் ஓரமாக வண்டியை நிறுத்தினேன். தாளை எடுத்தேன். என் கையெழுத்தில் என் வீட்டு போன் நம்பர். நாலைந்து தடவை மடித்துப் பிரித்ததில் மடிப்பு கிழிய ஆரம்பித்திருந்தது. திருப்பினேன். கறுப்பு மையில் அவர் படம், அவர் பெயர், கருமாதி நடக்கும் நாள். கீழே ‘துயருறும் மனைவி’ என்று என் பெயர்.

வைகாசியில், பஸ் வரும் அவசரத்தில், இதைத்தான் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறேன். முதல் நாளிலிருந்தே அவர்களுக்குத் தெரியும். அந்த போன் எல்லாம் இந்தத் தாளைப் பார்த்துத்தான் வந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் ஒரு பக்கம் என் நம்பர், மறுபக்கம் அவர் படம். பார்த்துவிட்டுத்தான் ‘சார் என்ன சொன்னாக’ என்று கேட்டிருக்கிறார்கள்.

அவமானத்தில் காது சுட்டது. அப்படியே வீட்டுக்குப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். பிறகு நெற்றியில் கை பட்டது. விரலில் குங்குமம். வண்டியைத் திருப்பினேன். திருப்பினேன் என்று சுலபமாகச் சொல்கிறேன், அந்தச் சின்ன ரோட்டில் முன்னும் பின்னும் ஏழெட்டுத் தடவை போனேன். முருங்கைக்காய் ஏற்றிவந்த ஒரு லாரி டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு, பீடி பற்ற வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்.

நான் திரும்பி வருவதைப் பார்த்ததும் அண்ணன் பதறிவிட்டார். “வண்டி எதும் மக்கர் பண்ணுதாம்மா?”

நான் தாளை நீட்டினேன். அவர் கண்ணுக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தார். தெரிந்துகொண்டார். மனைவி பக்கம் திரும்பி, “ஏ, அந்தத் தாள எடுக்க மறந்துட்டோமே” என்றார்.

அந்த அம்மாவுக்குத்தான் முகம் வாடிவிட்டது. “கோவிச்சுக்காத தாயி. இத வீட்டுக்குள்ள வைக்கக்கூடாதும்பாக. ஒன் நம்பர் இதுலதான இருக்கு, தூரவும் போட முடியல. அதான் வண்டியிலயே சொருகி வச்சாரு.”

பொய் சொன்னவள் நான், மன்னிப்புக் கேட்பது அவர்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. என்னைக் கட்டிலில் உட்கார வைத்தார்கள். அழுது முடிக்கும்வரை இருவரும் பக்கத்திலேயே இருந்தார்கள். பிறகு கேட்டேன்.

“தெரிஞ்சேவா மதினி எனக்குக் குங்குமம் வச்சீங்க?”

அதுவரை அவரை அம்மா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். மதினி என்று எப்படி வந்தது என்று தெரியவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

“தெரிஞ்சுதான் வச்சேன். முத முதலா வண்டிய எடுத்துட்டுப் போற பிள்ளைய வெறும் நெத்தியோடயா அனுப்புவேன்?”

“அப்ப ஏன்ணே சார் என்ன சொன்னாகன்னு கேட்டுக்கிட்டே இருந்தீங்க?”

அண்ணன் எருமைக்கு ஒரு பிடி வைக்கோலை அள்ளிப் போட்டார். “நீங்க கேட்டுட்டு வந்துதானம்மா சொன்னீங்க” என்றார். கேலியாகச் சொல்லவில்லை. வெகு சாதாரணமாக, மழை வரும் என்று சொல்வதுபோலச் சொன்னார். கேட்டுவிட்டுத்தானே சொன்னேன்?

மதினி தாளை அண்ணன் கையில் இருந்து வாங்கினார். என் கணவர் படத்தை ஒருதடவை நன்றாகப் பார்த்தார். உதட்டோரத்தில் சிரிப்பு வந்தது.

“ஆனா ஒண்ணுத்தா. இந்த மொகத்தப் பாத்தா கறாராப் பேசுற ஆளாத் தெரியலயே. அந்த டயரு ரெண்டும் நீ கேட்டதுதான?”

அழுத கண்ணோடு சிரித்தேன். ஏழெட்டு மாதம், இல்லை, அதற்கு மேலேயே இருக்கும், அப்படி வாய்விட்டுச் சிரித்து. பிறகு பூட்டுக் கதையைச் சொன்னேன். ‘எங்க வீட்ல கேட்டுத்தான் சொல்லணும்’ கதையைச் சொன்னேன். ஐப்பசியில் கிணற்றடியில் நடந்ததைச் சொன்னேன். அதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. இட்லியும் முந்தின நாள் குழம்பும் போட்டார்கள். வெயில் உச்சிக்கு ஏறிய பிறகு, “இப்பப் போனா கண்ணுல அடிக்காது” என்று அண்ணன் அனுப்பி வைத்தார். தாளை மதினி பழைய இடத்திலேயே சொருகிவிட்டார். திண்டுக்கல் மலைக்கோட்டை கண்ணில் பட்டபோதுதான், ஸ்டியரிங்கை நான் இறுக்கிப் பிடிக்கவில்லை என்பதைக் கவனித்தேன்.

அந்தக் காரில்தான் நான் ஓய்வு பெறும்வரை பள்ளிக்குப் போனேன். சிவப்பு மை அதற்குப் பிறகு ஏறவில்லை. அதே வீட்டில்தான் இன்றும் இருக்கிறேன். கரூர் அண்ணன் வரும்போதெல்லாம் ரயில் நிலையத்தில் இருந்து நான்தான் கூட்டி வருவேன். பின்சீட்டில் உட்கார்ந்து, ‘மெதுவாப் போ, மெதுவாப் போ’ என்றபடியே வருவார். கன்னிவாடிக்கு மாதம் ஒருமுறையாவது போய்விடுவேன். அந்த அண்ணனின் கண் ஆபரேஷனுக்கு மதுரைக்கு அவரை அந்தக் காரில்தான் கூட்டிப்போனேன். கட்டுப் பிரித்த பிறகு முதல் வேலையாக அந்த வெயில் மறைப்பைத் தாழ்த்தி, என் கணவர் படத்தைத் தெளிவாகப் பார்த்தார். “மாப்ள நல்லாத்தான் இருக்காரு” என்றார்.

ஒரு பொய்யைப் பொய் என்று தெரிந்தும், அதன் பின்னால் இருந்த மனுஷியைப் பார்த்து, இரண்டரை மாதம் என் கணவரை உயிரோடு வைத்துக்கொடுத்தார்கள் முன்பின் தெரியாத இருவர். அதற்கு நான் என்ன கைம்மாறு செய்திருக்கிறேன் என்று நினைத்தால் ஒன்றும் இல்லை. இப்போதும் வாசலில் யாராவது எதையாவது விற்க வந்து நின்றால், “எங்க வீட்ல கேட்டுத்தான் சொல்லணும்” என்கிறேன். கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்து, உண்மையாகவே ஒரு வார்த்தை கேட்கவும் செய்கிறேன்.